கமெராவில் மீதமுள்ள படங்களின் எண்ணிக்கை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

போராட்டங்களையும் நினைவேந்தல்களையும் புதைகுழி அகழ்வுகளையும் பதிவு செய்பவர்கள் கமெராத் திரையின் மூலையில் உள்ள ஓர் எண்ணை அடிக்கடி பார்ப்பார்கள். மெமரி கார்டில் இன்னும் எத்தனை படங்கள் எடுக்கலாம் என்று காட்டும் எண் அது. அது ஒழுங்காக ஒவ்வொன்றாகக் குறைவதில்லை. ஒரு படம் எடுத்த பின்னும் அப்படியே நிற்கும். அடுத்த படத்துக்கு இரண்டு குறையும். சில வேளைகளில் படம் எதுவும் எடுக்காமலேயே நூற்றுக்கணக்கில் குறையும், பின்னர் கூடும்.

கார்ட் பழுதாகிவிட்டதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. இடம் போதாது என்று நினைத்து, எடுத்த படங்களை அங்கேயே நின்று அழிப்பவர்களும் உண்டு. திரும்ப எடுக்க முடியாத படங்கள் இப்படித்தான் தொலைந்துபோகின்றன. ஆனால், எண் இப்படி ஏறி இறங்குவது மட்டும் கார்ட் பழுதானதற்கான அடையாளம் அல்ல.

எண்ணிக்கை அல்ல, மதிப்பீடு

பழைய பிலிம் சுருளில் 36 படங்கள் என்றால் எதை எடுத்தாலும் ஏறக்குறைய 36தான். டிஜிட்டல் கமெராவில் அப்படி இல்லை. கார்டில் மீதமுள்ள இடத்தை, ஒரு படத்துக்குத் தேவைப்படலாம் என்று கருதும் சராசரி அளவால் கமெரா வகுக்கிறது. வரும் விடையையே திரையில் காட்டுகிறது. மீதமுள்ள இடம் எவ்வளவு என்பது கமெராவுக்குத் தெரியும். அடுத்த படம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது தெரியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 32 ஜிகாபைட் கார்டில் ஒரு படத்துக்கு 10 மெகாபைட் என்று கமெரா கருதினால், ஏறக்குறைய 3,200 படங்கள் எடுக்கலாம் என்று காட்டும். நீங்கள் எடுக்கும் படங்கள் ஒவ்வொன்றும் 6 மெகாபைட்டாக அமைந்தால், பத்துப் படங்கள் எடுத்தும் எண் ஆறுதான் குறையும். ஒவ்வொன்றும் 14 மெகாபைட் என்றால் பத்துப் படங்களுக்குப் பதினான்கு குறையும். எண் சில தடவை அசையாமல் நிற்பதும் சில தடவை இரண்டாகக் குறைவதும் இதனால்தான்.

ஒரே கமெரா, வெவ்வேறு அளவு

பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஜேபெக் வடிவம். அது படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரு கட்டத்துக்குள் நிறமும் வெளிச்சமும் பெரிதாக மாறாவிட்டால் அதைக் குறைந்த இடத்தில் எழுதிவிடலாம். நுணுக்கங்கள் நிறைந்திருந்தால் கூடுதல் இடம் வேண்டும்.

எனவே வெறும் வானம், வெள்ளைச் சுவர், அமைதியான கடல் ஆகியவை சிறிய கோப்புகளாகும். பனங்கூடல், பற்றைக்காடு, சரளைக்கல், பதாகைகளும் படங்களும் ஏந்தி நிற்கும் கூட்டம் ஆகியவை பெரிய கோப்புகளாகும். தெளிவில்லாமல் கலங்கிய படம், அதே காட்சியின் தெளிவான படத்தைவிடச் சிறியதாக இருக்கும்.

சில நிக்கொன் கமெராக்களில் ஜேபெக் சுருக்கத்துக்கு இரண்டு தெரிவுகள் உள்ளன. ஒன்று கோப்புகளை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்க முயலும். மற்றது தரத்துக்கு முதலிடம் கொடுத்து அளவைக் காட்சிக்கேற்ப மாறவிடும். இரண்டாவதைத் தெரிவு செய்தால் மதிப்பீடு இன்னும் கூடுதலாகத் தளம்பும்.

படம் எடுக்காமலே எண் மாறுவது

ஐஎஸ்ஓ அளவைக் கூட்டும்போது படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் சேர்கிறது. சுருக்கும் முறைக்கு அந்தப் புள்ளிகளும் நுணுக்கங்கள்தான். அதனால் கோப்பு பெருக்கிறது. பல கமெராக்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்கின்றன. மாலை மங்கிய பின் ஐஎஸ்ஓவை 100இலிருந்து 3200க்கு மாற்றினால் எண் குறையும். மீண்டும் 100க்கு மாற்றினால் பழைய எண் திரும்பும். இதற்கிடையில் கார்டில் இருந்த இடம் மாறவே இல்லை.

படத்தின் அளவு, தரம் ஆகியவற்றை மாற்றினாலும் இதே கதைதான். றோ வடிவத்துக்கு மாறினால் எண் பெருமளவு குறையும். றோவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதிவு செய்தால் இன்னும் குறையும். சுருக்கப்பட்ட றோ கோப்பின் அளவும் காட்சிக்கேற்ப மாறும். அதற்குப் பெரிய அளவொன்றை வைத்துக் கணக்கிடும் கமெராவில், காட்டியதைவிடக் கூடுதலான படங்கள் கிடைக்கும்.

குழப்பும் வேறு எண்கள்

மங்கலாகத் தெரியும் எல்லா எண்களும் கார்டைப் பற்றியவை அல்ல. தொடர்ச்சியாகப் படம் எடுக்கும்போது அவை முதலில் கமெராவின் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, பிறகு கார்டில் எழுதப்படுகின்றன. அந்த நினைவகத்தில் இன்னும் எத்தனை படங்களுக்கு இடம் உண்டு என்பதையும் பல கமெராக்கள் காட்டும். அழுத்தியைப் பாதி அழுத்தியதும் தெரியும் சிறிய எண் பெரும்பாலும் இதுதான். சற்றுப் பொறுத்தால் அது தானாகவே கூடும்.

பல நிக்கொன் கமெராக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்களைச் சுருக்கிக் காட்டும். 1,400 முதல் 1,499 வரை எல்லாமே 1.4 கே என்றே தெரியும். வேறு சில கமெராக்களில் 999 அல்லது 9999க்கு மேல் காட்ட இடமில்லை. இவற்றில் பல படங்கள் எடுத்த பின்னும் எண் அசையாது.

பற்றரி ஒன்றுக்கு இத்தனை படங்கள் என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது முற்றிலும் வேறு கணக்கு. அது ஆய்வுகூடத்தில் குறிப்பிட்ட முறையில் சோதித்துப் பெறும் எண். கார்டில் ஆயிரம் படங்களுக்கு இடம் இருக்கும்போதே பற்றரி தீர்ந்துபோகலாம்.

கார்டின் இடம் எங்கே போகிறது?

32 ஜிகாபைட் கார்டைக் கணினியில் போட்டால் 29.8 என்று காட்டலாம். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிடுகிறார், பல கணினிகள் 1024இன் மடங்குகளில் கணக்கிடுகின்றன. வீடியோவும் அதே இடத்தைத்தான் பயன்படுத்துகிறது. சில நிமிட வீடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் இடத்தை எடுத்துவிடும். மக் கணினியில் கார்டிலுள்ள படங்களை அழித்தால், குப்பைத் தொட்டியைக் காலி செய்யும்வரை அவை கார்டிலேயே இருக்கும். எண்ணும் கூடாது.

பழைய படங்களையும் ஆவணங்களையும் பிரதியெடுக்கும்போது

பல இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்த குடும்பங்களிடம் ஒன்றிரண்டு படங்களே எஞ்சியுள்ளன. காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரே படம், முறைப்பாட்டுக் கடிதம், காணி உறுதி போன்றவற்றைக் கமெராவில் பிரதியெடுக்கிறார்கள். கசங்கிய தாள், பூஞ்சணக் கறை, சிறிய எழுத்துகள் எல்லாம் நுணுக்கங்கள்தான். கோப்புகள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகலாம், எண்ணும் வேகமாகக் குறையலாம். அதற்காகத் தரத்தைக் குறைக்க வேண்டாம். பின்னர் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு திகதியோ கையொப்பமோ வாசிக்க முடியாமல் போய்விடும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

• எண்ணை ஏறக்குறைய என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 200 என்று காட்டினால் 150 படங்களுக்குத் திட்டமிடுங்கள்.

• நுணுக்கமான காட்சி, குறைந்த வெளிச்சம், வீடியோ ஆகியவை எதிர்பார்க்கப்பட்டால் இன்னொரு கார்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

• இடம் போதாது என்று தோன்றினால் கார்டை மாற்றுங்கள். எடுத்தவற்றை அங்கேயே அழிக்காதீர்கள்.

• வீடு திரும்பியதும் இரண்டு இடங்களில் பிரதி வைத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டைக் கமெராவிலேயே போமற் செய்யுங்கள். போமற் செய்தால் பூட்டி வைத்த படங்களும் போய்விடும்.

• தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலும் ஒரு படமும் எடுக்க வேண்டாம். புதிய படம் அந்த இடத்தில் எழுதப்படாதவரை, மீட்பு மென்பொருள் மூலம் பழையதைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.