தண்ணீர் மட்டும் போதுமா? ஒரே வகைப் போக்கிமொன் அணியைச் செப்பனிடும் விதம்

கல்முனைக்குடியில் ராத்தாவின் வீட்டுக்குப் பெருநாள் விடுமுறைக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்து சாய்ந்திருந்த நேரம், பதினான்கு வயது மருமகன் கைத்தொலைபேசியோடு வந்து பக்கத்தில் குந்தினான்.

"மாமா, இத ஒருக்காப் பாருங்க. ஆறும் தண்ணி. நல்ல டீம்தான். ஆனா மறுகா மறுகா தோக்கிறன்."

அவன் காட்டியது போக்கிமொன். அவனை விடாமல் தோற்கடிப்பவன் பாண்டிருப்பில் இருக்கும் கூட்டாளி. இருவரும் ஒரே டியூசனில் படிக்கிறார்கள். அவனது அணி முழுவதும் மின்சாரம். "தண்ணிய விட்டுட்டு வேற வகை எடு" என்று கூட்டாளி சொல்லிவிட்டானாம். மருமகனுக்கு அதில்தான் ரோசம்.

நானும் பள்ளிக்கூட வயதில் இந்த விளையாட்டில் பைத்தியமாக இருந்தவன். இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்து அந்த அணியைத் திருத்தினோம். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் பெற்றோருக்கும், விளையாடும் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் நாங்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு என்ன?

போக்கிமொன் 1996 பெப்ரவரியில் ஜப்பானில் வெளியானது. உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்தவர். அந்த ஆர்வமே விளையாட்டின் கரு. உயிரிகளைப் பிடிக்கலாம், வளர்க்கலாம், மோதவிடலாம்.

ஒவ்வொரு உயிரியும் ஒரு வகையை அல்லது இரண்டு வகைகளைச் சேர்ந்தது. நெருப்பு, நீர், புல், மின், நிலம், பனி என மொத்தம் 18 வகைகள். நீர் நெருப்பை அடித்தால் சேதம் இரண்டு மடங்கு. நெருப்பு நீரை அடித்தால் பாதி. சில மோதல்களில் சேதமே இல்லை. உதாரணமாக, நில வகையை மின்சாரம் தொடாது.

ஓர் அணியில் ஆறு உயிரிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தாக்குதல்கள், ஒரு தனித்திறன், கையில் ஒரு பொருள். ஆறும் ஒரே வகையைப் பகிர வேண்டும் என்ற விதியோடு ஆடுவது 'மோனோடைப்' எனப்படுகிறது. முதல் விளையாட்டிலேயே இதன் வேர் உண்டு. அதில் வரும் மிஸ்டி நீர் வகையை மட்டுமே வைத்துச் சவால் விடுபவள். இன்று பலரும் இதை 'போக்கிமொன் ஷோடவுன்' என்ற இலவச இணையத்தளத்தில் ஆடுகிறார்கள். சாதாரணத் தொலைபேசியே போதும்.

முதலில் பலவீனத்தை எண்ணுங்கள்

நீர் வகைக்கு எதிரிகள் இரண்டே இரண்டு: மின், புல். மருமகனின் ஆறு பேர்: கையராடோஸ், பெலிப்பர், மிலோட்டிக், வேப்போரியன், பிளாஸ்டாய்ஸ், ஸ்டார்மி. கொப்பியில் ஒரு கோடு கிழித்து எண்ணச் சொன்னேன்.

மின்சாரத்துக்கு ஆறு பேரும் பலவீனம். அதிலும் கையராடோஸும் பெலிப்பரும் நீரோடு பறக்கும் வகையையும் சேர்ந்தவை என்பதால் நான்கு மடங்கு அடி. புல்லுக்கு நான்கு பேர் பலவீனம்.

அவன் எண்ணி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஆறும் நல்லவை. சேர்த்துப் பார்த்தால் ஒரே அடி ஆறு பேருக்கும் விழுகிறது. மோனோடைப்பில் தோற்பவர்களில் அதிகமானோர் இங்கேதான் தோற்கிறார்கள்.

தீர்வு இரண்டாவது வகையில்

ஆறும் நீராக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆறும் வெறும் நீராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஒவ்வொன்றின் இரண்டாவது வகை எதைச் சேர்ந்தது என்பதில்தான் அணியின் உயிர் இருக்கிறது.

மிலோட்டிக், வேப்போரியன், பிளாஸ்டாய்ஸ், ஸ்டார்மி நான்கையும் எடுத்துவிட்டு இவற்றைச் சேர்த்தோம்:

ஸ்வம்பேர்ட்: நீரும் நிலமும். மின்சாரம் இதைத் தொடாது. ஆனால் புல்லுக்கு நான்கு மடங்கு பலவீனம்.

டொக்ஸாபெக்ஸ்: நீரும் நஞ்சும். புல்லின் அடி சாதாரண அளவில்தான் விழும். இதன் ஒரு தனித்திறன், களத்தை விட்டு வெளியேறும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு உயிரை மீட்டுத் தரும்.

கிங்ட்ரா: நீரும் டிராகனும். மின்சாரம், புல் இரண்டுமே இதற்குச் சாதாரண அடிதான்.

வொஷ் ரோட்டம்: சலவை இயந்திரத்துக்குள் புகுந்த மின்பூதம். மின்னும் நீரும். மிதப்பதால் நில வகை அடி படாது. மிஞ்சும் பலவீனம் புல் ஒன்றுதான்.

திரும்ப எண்ணினோம். மின்சாரத்துக்குப் பலவீனமானவர்கள் ஆறிலிருந்து மூன்று. கூடவே, அதை முற்றாகத் தடுக்க ஓர் ஆள். புல்லுக்கு நான்கிலிருந்து இரண்டு.

கையராடோஸையும் எடுத்துவிடலாம் என்றேன். "அது மட்டும் ஏலா மாமா" என்றான். நியாயம்தான். மெஜிகார்ப் என்ற ஒன்றுக்கும் உதவாத கெண்டை மீனை இருபதாவது படிவரை பொறுமையாக வளர்த்தால்தான் கையராடோஸ் ஆகும். அப்படி வளர்த்தவனிடம் அதை விடச் சொல்ல முடியாது. விருப்பமான ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதைக் காக்க மற்றவர்களை அமைக்க வேண்டும். கையராடோஸ் மீது மின்னல் வரும் என்று தெரிந்தால், அந்தச் சுற்றில் அதை விலக்கி ஸ்வம்பேர்ட்டை இறக்குங்கள். அடி வீணாகும். ஸ்வம்பேர்ட் மீது புல் வரும் என்றால் டொக்ஸாபெக்ஸை இறக்குங்கள்.

மழையைக் கொண்டுவருபவர்

பெலிப்பரை வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தகுந்த தனித்திறனோடு அது களத்தில் இறங்கியதும் மழை தொடங்கும். மழையில் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்கு, நெருப்பு பாதி. கிங்ட்ராவின் வேகம் இரட்டிப்பாகும். பெலிப்பரின் 'ஹரிகேன்' குறி தவறாது. புல்லுக்கு அது இரண்டு மடங்கு அடி.

மழை ஐந்து சுற்று நீடிக்கும். 'டேம்ப் ரொக்' என்ற கல்லைக் கொடுத்தால் எட்டுச் சுற்று. ஆனால் எதிரி களத்தில் 'ஸ்டெல்த் ரொக்' எனப்படும் கற்களைப் பரப்பியிருந்தால், பெலிப்பர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் கால்வாசி உயிரை இழக்கும். அதைத் தவிர்க்கத் தடித்த சப்பாத்து ஒன்று உண்டு. கல்லா, சப்பாத்தா? இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது. நாங்கள் கல்லைக் கொடுத்து, களத்தைத் துப்புரவாக்கும் 'டீஃபொக்' அசைவைப் பெலிப்பருக்கே சேர்த்தோம்.

எதிரியைத் திருப்பி அடிக்கும் வழி

தாங்குவது மட்டும் போதாது. புல் வகையை அடிக்கக் கிங்ட்ராவுக்கு 'ஐஸ் பீம்' கொடுத்தோம். பெரோத்தோர்ன் போன்ற புல்லும் உருக்கும் சேர்ந்தவை பனிக்கும் காற்றுக்கும் பலவீனமானவை அல்ல. அவற்றை ரோட்டம் சூடு வைத்துச் சுடட்டும். தீப்புண் பட்ட உயிரியின் உடல்வழித் தாக்குதல் பாதியாகும்.

பயிற்சிப் புள்ளிகள் ஓர் உயிரிக்கு மொத்தம் 510. ஒரே திறனில் 252க்கு மேல் போட முடியாது. மருமகன் எல்லாருக்கும் தாக்குதலிலும் வேகத்திலுமே கொட்டியிருந்தான். டொக்ஸாபெக்ஸ் ஓட வேண்டியதில்லை; அதன் புள்ளிகள் உயிருக்கும் தற்காப்புக்கும் போக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

அணியை அமைத்த பிறகுதான் உண்மையான வேலை. தோற்றதும் கோபத்தில் மூன்று பேரை மாற்றினால் எது பிழை என்று தெரியாமல் போகும். ஷோடவுனில் ஆட்டங்களைச் சேமித்துத் திரும்பப் பார்க்கலாம். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: எந்தச் சுற்றில், எதனால்? ஒரே காரணம் மூன்று தடவை வந்தால் அதை மட்டும் திருத்துங்கள்.

இரண்டாம் நாள் இரவு அவன் பாண்டிருப்புக் கூட்டாளியோடு ஐந்து ஆட்டம் ஆடினான். இரண்டில் வென்றான். மூன்றில் தோற்று, மூன்று வரி எழுதினான்.

ராத்தா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. 2004 டிசம்பர் 26க்கு முன்பு எங்கள் வளவு கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, உள்ளுக்கு வந்தோம். அன்றிலிருந்து அவ கடற்கரைப் பக்கம் போவதில்லை. "எத்தினையோ இருக்க, ஏன் வாப்பா உனக்குத் தண்ணி?" என்று கேட்டா.

"நம்மட ஊரு கடல்தானே உம்மா" என்றான், திரையை விட்டுக் கண் எடுக்காமல். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்டீ ஊற்றப் போய்விட்டா.

கல்முனையில் பிரதேச செயலகத்தைப் பிரிப்பது பற்றிப் பெரியவர்கள் பல வருடங்களாக இரண்டு பக்கமாக நிற்கிறோம். 2019இல் அது உண்ணாவிரதம்வரை போனது. ஒரே ஆட்களாகச் சேர்ந்து நின்றால் பலம் என்றுதான் இரண்டு பக்கமும் நினைக்கிறது. மருமகனின் கொப்பியில் இருந்த கணக்கு எனக்கு வேறு மாதிரிச் சொன்னது.

புறப்படும்போது அவனுக்கு ஒரு செய்தி சொன்னேன். 2014 உலகச் சம்பியன் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பார்க், யாரும் எதிர்பாராத பச்சிரிசு என்ற சிறிய மின் அணிலைக் கொண்டுவந்து வென்றார். இரண்டிரண்டு பேராக ஆடும் அந்த ஆட்டத்தில், கூட்டாளி மீது வரும் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் அணிலின் வேலை. அவருடைய அணியில் கையராடோஸும் இருந்தது.

"மின்சாரமும் தண்ணியும் ஒரே டீமா?" என்று கேட்டான். பிறகு தொலைபேசியை எடுத்துக் கூட்டாளிக்கு எழுதத் தொடங்கினான்.