ஊதச் சொன்ன அமைச்சர்

1897 செப்டம்பர் 10. லண்டனில் ஒரு டாக்ஸி டிரைவர் குடித்துவிட்டு வண்டியை ஒரு கட்டிடத்தில் மோதினார். பேட்டரியில் ஓடிய மின்சார டாக்ஸி அது! அபராதம் போட்டார்கள். குடித்துவிட்டு கார் ஓட்டி தண்டனை வாங்கிய முதல் ஆள் இவர்தான் என்கிறார்கள்.

அதன்பிறகு எழுபது வருடம் பிரிட்டனில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சிக்கல் நிரூபிப்பதில்தான். கோட்டில் நடக்கச் சொல்வார்கள், நாக்கு குழறுகிறதா என்று பார்ப்பார்கள். வழக்கு ஜூரியிடம் போனால், அவர்களில் பலரும் குடித்துவிட்டு வண்டி எடுப்பவர்களே. "ரெண்டு கிளாஸ்தானே" என்று விட்டுவிடுவார்கள். போதை முதலில் மழுங்கடிப்பது தீர்மானிக்கும் திறனை. ஆக, "என்னால் ஓட்ட முடியும்" என்று முடிவு செய்வது குடித்த மூளைதான்.

அமெரிக்காவில் போர்கன்ஸ்டைன் என்பவர் 1954ல் மூச்சை அளக்கும் கருவியைச் செய்தார். 1960களில் கிராண்ட் ரேபிட்ஸ் நகரத்தில் விபத்தில் சிக்கிய டிரைவர்களையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து மளமளவென்று ஏறியது.

அந்த 80ஐத்தான் பிரிட்டன் சட்டமாக்கியது (இந்தியாவில் வரம்பு 30). கொண்டுவந்தவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸில். அவருக்கு கார் ஓட்டவே தெரியாது! பெண், அதுவும் லைசென்ஸ் இல்லாதவர், ஆண்களின் சாயங்காலத்தைக் கெடுக்கிறாரே என்று கொதித்தார்கள். மிரட்டல் கடிதங்கள் வேறு. 1967 அக்டோபர் 9ல் சட்டம் அமலானது. ஊதினால் குழாயில் மஞ்சள் துகள்கள் பச்சையாகும், அவ்வளவுதான். முதல் வருடத்தில் சாலைச் சாவுகள் 1,152 குறைந்தன.

ஆனால் சில வருடங்களில் பயம் தெளிந்துவிட்டது. காரணம், கண்டபடி யாரையும் நிறுத்தி ஊதச் சொல்ல போலீஸுக்கு அதிகாரம் இல்லை. சந்தேகமோ விதிமீறலோ விபத்தோ இருக்க வேண்டும். முதல் மசோதாவில் அந்த அதிகாரம் இருந்தது, எதிர்ப்பில் கைவிட்டார்கள். மாட்டுவது அபூர்வம் என்று ஜனங்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அந்த ஓட்டையை அடைத்தது. 1982 டிசம்பர் 17 முதல், சாலையில் வருகிற யாரையும் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லலாம். சாவுகள் சடாரென்று குறைந்தன. பிறகு ஆராய்ந்தவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்தது. இன்னொரு கிளாஸ் குடி என்று நண்பர்கள் வற்புறுத்தும்போது "வேண்டாம்பா, வழியில் போலீஸ் நிற்கும்" என்று மானம் போகாமல் மறுக்க ஆண்களுக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது.