கல் எடை நீங்கலாக

வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். நகை வந்ததும் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், தராசில் வைப்பார், மொத்த எடையைச் சொல்வார். அடுத்ததாக 'கல் எடை நீங்கலாக' என்று இன்னொரு எண் வரும். அந்த நிகர எடைக்குத்தான் கடன். "கெம்புக் கல் சார், எங்க பாட்டி காலத்து அட்டிகை" என்று சில அம்மாக்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன்; பேரேட்டில் கழித்துத்தான் எழுதுவேன். கல் என்றால் கழிக்க வேண்டியது. அப்படித்தான் என் மனதில் பதிந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு பிப்ரவரியில், ஃபீனிக்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் தெற்கே ஓட்டிப் போனான். ஊர் பெயர் எழுத்தில் 'டக்சன்' மாதிரி இருக்கும்; சொல்வது டூசான். அங்கே நடப்பது கல் கண்காட்சி. வைரம், மாணிக்கம் விற்கும் கடைகளும் உண்டு. ஆனால் கூட்டம் மொய்த்தது வெட்டாத, பட்டை தீட்டாத, பூமியிலிருந்து எடுத்தபடியே இருக்கும் படிகங்களின் முன்னால். கோவில் சன்னதி மாதிரி மெல்லிய வெளிச்சம். வயதானவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒரே கல்லைப் பத்து நிமிடம் பார்க்கிறார்கள். திரும்பி வந்ததும் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டூசான் கனிம, ரத்தினச் சங்கம் 1946-இல் தொடங்கியது. நம் சங்கம் மாதிரிதான். உள்ளூர்க்காரர்கள் கூடி நடத்துவது. 1955 மார்ச்சில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டு நாள் கண்காட்சி வைத்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. அடுத்து, மாவட்டப் பொருட்காட்சித் திடலில் இருந்த அரை உருளை வடிவத் தகரக் கொட்டகைக்கு மாறினார்கள். 1961-இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் கனிமப் பொறுப்பாளர் பால் டெசோட்டெல்ஸ் அங்கே வந்தார். தகரக் கொட்டகைக்கு நாட்டின் பெரிய அருங்காட்சியகம் வந்துவிட்டது என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 1972-இல் நகரின் புதிய மாநாட்டு மையத்துக்குப் போனார்கள். இன்றைக்கு அந்தப் பிரதான கண்காட்சியைச் சுற்றி, ஜனவரி கடைசியிலிருந்து இரண்டு மூன்று வாரம், ஊரெங்கும் நாற்பதுக்கு மேற்பட்ட கண்காட்சிகள் நடக்கின்றன. கொரோனாவால் 2021-இல் மட்டும் பிரதான கண்காட்சி நின்றது.

இடையில் ஒரு வேடிக்கை. மண்டபத்தில் இடம் கிடைக்காத வியாபாரிகள் விடுதி அறைகளிலேயே கடை போட்டார்கள். கட்டில்மேல் துணி விரித்துக் கற்களைப் பரப்பி, கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். வாங்குகிறவர்கள் அறை அறையாக ஏறி இறங்குவார்கள். இந்த வழக்கம் இன்றும் உண்டு.

அந்த ஊரில் ஏன் இப்படி ஒரு பழக்கம் வேர் பிடித்தது? அரிசோனா செம்புச் சுரங்க நாடு. டூசானுக்குத் தென்கிழக்கே பிஸ்பீ என்ற ஊரில் 1975 வரை பெரிய செம்புச் சுரங்கங்கள் நடந்தன. செம்புத் தாதுவோடு நீல அசுரைட்டும் பச்சை மாலகைட்டும் வெளிவரும். கம்பெனிக்கு வேண்டியது செம்பு; எல்லாம் உலைக்குத்தான் போகும். தொழிலாளிகள் அழகான துண்டுகளைச் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பிஸ்பீ கற்களில் பல இப்படித் தூக்கில் ஏறித் தப்பித்தவை.

கொலராடோவில் 'ஸ்வீட் ஹோம்' என்று ஒரு வெள்ளிச் சுரங்கம். 1870-களில் வெள்ளி தேடியவர்கள், நடுவில் வந்த சிவப்புக் கல்லைக் கழிவு என்று வெளியே கொட்டினார்கள். ரோடோக்ரோசைட் என்பது அதன் பெயர். 1991-இல் பிரையன் லீஸ் என்பவர், வெள்ளிக்காக அல்ல, அந்தச் சிவப்புக் கல்லுக்காகவே சுரங்கத்தை மறுபடி திறந்தார். மறு வருடமே 'ஆல்மா கிங்' கிடைத்தது. ஒரு சாண் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும் ஒற்றைச் சிவப்புப் படிகம். இப்போது டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களும் கல் எடையைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சியில் நம் நாட்டுக்குத் தனி மரியாதை. மகாராஷ்டிரத்து வியாபாரிகளின் மேசைகளில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டது இது. சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. இட்லியில் இருப்பதுபோல அதற்குள் காற்றுக் குமிழிகள். பிற்காலத்தில் அந்தக் குழிகளில் வெந்நீர் புகுந்து, கரைந்திருந்த பொருள்களைப் படிகமாக விட்டுச் சென்றது. கண்ணாடி போன்ற அபோஃபில்லைட், இளஞ்சிவப்பு ஸ்டில்பைட் எல்லாம் அப்படிப் பிறந்தவை. 1856 முதல் 1863 வரை மும்பை-புனே ரயில் பாதைக்காகப் போர் காட் மலையைக் குடைந்தபோது இந்தப் படிகங்கள் ஏராளமாக வெளிவந்தன. அந்த வேலையில் காலராவிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கான கூலிகள் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புனேக்குப் பக்கத்தில் வாகோலி. அங்கே கல் உடைப்பது சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லி போட. 1980-களின் இறுதியில் அந்தக் குவாரியில் அடர்நீல நிறத்தில் கவான்சைட் கிடைத்தது. கால்சியம், வனேடியம், சிலிக்கான் மூன்றின் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். அமெரிக்காவின் ஒரிகானில் முதலில் கிடைத்தபோது அது சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. வாகோலிக் கல் வந்த பிறகே உலகம் வாயைப் பிளந்தது. குவாரித் தொழிலாளி கண்ணில் பட்டு, அவர் கை நிறுத்தினால் அது அருங்காட்சியகம் போகும். இல்லாவிட்டால் ஜல்லியோடு ஜல்லி.

நம் பக்கத்துக்கும் இதில் பழைய பங்கு உண்டு. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். அலுமினியம் ஆக்சைடு, குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். உலகம் முழுக்க அதற்குப் பெயர் கொரண்டம். அது நம் 'குருந்தம்' என்ற சொல்தான். சேலம் பகுதியில் கிடைத்த குருந்தத்தைப் பொடித்து, கல் பட்டை தீட்டவும் ஆயுதம் சாணை பிடிக்கவும் வைத்திருந்தார்கள். லண்டனில் சார்ல்ஸ் கிரெவில் என்ற சேகரிப்பாளர் இந்தியாவிலிருந்து மாதிரிகளை வரவழைத்து, 1798-இல் இதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1810-இல், அவருடைய தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 13,727 பவுண்டுக்கு வாங்கியது. அப்படியென்றால் நான் பேரேட்டில் கழித்த கெம்பின் அறிவியல் பெயரே தமிழ்! இது தெரிந்த அன்று எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

இனி என் சொந்தக் கதை. என் பெரியண்ணன் ரயில்வேயில், லோனாவாலா பக்கம் வெகு காலம் வேலை பார்த்தார். ஒருமுறை லீவில் வந்தபோது தேங்காய் அளவில் ஒரு கல் கொண்டுவந்தார். வெள்ளைப் படிகங்களும், நடுவில் விசிறி விரித்ததுபோல இளஞ்சிவப்பும். அம்மா அதை நவராத்திரிக் கொலுவில் பழனி மலையாக வைத்துவிட்டாள். உச்சியில் முருகன், அடிவாரத்தில் தகர பஸ். ஐம்பது வருடமாக எங்கள் கொலுவில் அதுதான் மலை.

டூசானில் ஒரு நாசிக்காரரிடம் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அபோஃபில்லைட், மேலே ஸ்டில்பைட். நல்ல பழைய கல். எந்த இடம்?" என்றார். காட் பக்கம் என்றேன். "எந்தக் குவாரி? எந்தச் சுரங்கப் பாதை? எந்த வருடம்?" எனக்குத் தெரியவில்லை. அண்ணன் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. "அப்படியானால் அழகான கல், சார். அவ்வளவுதான்" என்று மரியாதையாகக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகுதான் கவனித்தேன். அங்கே ஒவ்வொரு கல்லின் காலடியிலும் ஒரு சிறு சீட்டு இருக்கிறது. கனிமத்தின் பெயர், சுரங்கம், ஊர், நாடு. கல் கை மாறும்போது பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. புதியவர் தன் சீட்டைச் சேர்த்து வைக்கிறார். நாம் மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம் என்று கட்டிக் காப்பதில்லையா, அதே மாதிரி. போட்டிக்கு வைக்கும் காட்சிப் பெட்டிகளில் சீட்டு சரியாக எழுதியிருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இடம் தெரியாத கல் அழகாக இருக்கலாம். அறிவியலுக்கு அது உதவாது. பூமியில் எங்கே, எதன் பக்கத்தில் இருந்தது என்பதுதான் அது சொல்லும் செய்தி. அந்தச் செய்தி கல்லில் இல்லை. எடுத்தவர் வாயில் இருக்கிறது.

அண்ணனிடம் பி.எஃப். வாரிசு நியமனம் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஓய்வூதியக் கணக்கு கேட்டிருக்கிறேன். அந்தக் கல்லை எங்கே எடுத்தாய், குனிந்து எடுத்தாயா, யாராவது கொடுத்தார்களா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு சீட்டு எழுதி அதன் அடியில் ஒட்டினேன். அண்ணன் பெயர், வேலை பார்த்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம் கொண்டுவந்தார், பழனி மலையாக இருந்த விவரம், என் கையெழுத்து, தேதி. அரைகுறைதான். ஆனாலும் என் பேத்திக்கு ஒரு தொடக்கம் இருக்கும்.

நம் குடியிருப்புக் குழந்தைகளுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மொட்டை மாடியிலிருந்து தெரியும் பரங்கிமலையின் கருங்கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோனார்கள். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890-களில் அதை ஆராய்ந்து, அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். இன்று பரங்கிமலைச் சார்னகைட் ஒரு தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

அடுத்த இதழ் வருவதற்குள் நவராத்திரி வந்துவிடும். கொலுப் பெட்டியைத் திறக்கும்போது பொம்மைகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள். யார் வாங்கியது, எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால், இப்போதே கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டு மலையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுண்டல் உண்டு.