உயர்ரக ஃபுட் புராசஸர் வாங்கப் போகிறீர்களா? முதலில் இவற்றைக் கவனியுங்கள்

தீபாவளி மலிவு விற்பனை வந்துவிட்டால் பேரங்காடிகளில் சமையலறைக் கருவிகளுக்குக் கூட்டம் கூடிவிடும். ஆயிரம் வெள்ளிக்கும் மேல் விலையுள்ள ஃபுட் புராசஸரைத் தவணையில் வாங்கிவிட்டு, இட்லி மாவு சரியாக அரைபடவில்லை என்று சில மாதங்களிலேயே அலமாரியில் ஏற்றி வைக்கும் வீடுகளும் உண்டு. கருவியில் குறை இருக்காது. அது எந்த வேலைக்கானது என்று கேட்காமல் வாங்கியதுதான் காரணம்.

எது எந்த வேலைக்கு?

ஃபுட் புராசஸரின் பாத்திரம் அகலமானது. உயர்ரகக் கருவிகள் சிலவற்றில் கத்தி நிமிடத்துக்குச் சுமார் 1,500 முறைதான் சுழலும். வெங்காயம் நறுக்க, கேரட் துருவ, வெள்ளரிக்காய் சீவ, இறைச்சி கொத்த, சப்பாத்தி மாவு பிசைய இதுவே ஏற்றது.

நம் வீட்டு மிக்சியின் வேகம் 18,000 சுற்றுகளையும் தாண்டும். ஜாரும் குறுகலானது. தேங்காய்ச் சட்னியும் ஊறவைத்த மிளகாயும் மையாக அரைபடுவது இதனால்தான். உளுந்துக்குக் கல் கிரைண்டரே சிறந்தது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடேறாமல் பொங்கி வரும்.

ஒரு வாரச் சமையலை எழுதிப் பாருங்கள். அரைப்பதே அதிகம் என்றால் நல்ல மிக்சி போதும். நறுக்கும் பாத்திரமும் சேர்ந்தே வரும் மிக்சிகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பெரிய குடும்பம், அடிக்கடி விருந்து, தினமும் சப்பாத்தி என்றால் ஃபுட் புராசஸருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கடையில் பார்க்க வேண்டியவை

* மோட்டார்: பெட்டியில் உள்ள வாட் எண், கருவி இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். மாவு பிசையும்போது கருவி மேசையில் நகர்கிறதா என்று கேளுங்கள். அடிப்பகுதி கனமாக இருப்பது நல்லது.

* கொள்ளளவு: 3 லிட்டர் என்று போட்டிருந்தாலும் நீர்ப் பொருளை அந்த அளவுக்கு ஊற்ற முடியாது. பாத்திரத்தில் தனிக்கோடு இருக்கும். ஒரே தடவையில் எத்தனை கிராம் மாவு பிசையலாம் என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

* உத்தரவாதம்: மோட்டாருக்கு நீண்ட காலமும் மற்ற பாகங்களுக்குக் குறைந்த காலமும் தருவது வழக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாத்திரம், மூடி, கத்தி தனியாகக் கிடைக்குமா என்பது முக்கியம். மூடி சரியாகப் பூட்டாவிட்டால் கருவி ஓடாது.

* மஞ்சள் கறை: பிளாஸ்டிக் பாத்திரத்தில் மஞ்சள் ஒட்டினால் எளிதில் போகாது. மசாலாவுக்கு மிக்சியின் எவர்சில்வர் ஜாரே நல்லது.

மின்சாரமும் முத்திரையும்

மலேசியாவில் மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் கருவியை நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். இணையத்தில் வாங்கினாலும் மூன்று முனை பிளக், எரிசக்தி ஆணையத்தின் சிரிம் பாதுகாப்பு முத்திரை, உள்ளூர் உத்தரவாதம் ஆகிய மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கருவி பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.