உள்ளே நுழையுமுன் விழித்திருப்பது யார்?

கணிப்பொறி ஓர் ஊரில் இருக்க, வேறோர் ஊரில் அமர்ந்து அதனை இயக்க இயலுமா? 1940 செப்டம்பர் 11ஆம் நாள் இதற்கு விடை கிடைத்தது. அமெரிக்காவின் ஹானோவர் நகரில், டார்ட்மத் கல்லூரியில் கணித அறிஞர்கள் கூடியிருந்தனர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் அங்கு ஒரு தொலை அச்சுப்பொறியை வைத்து, நியூயார்க்கிலிருந்த தம் கணக்கீட்டுப் பொறியைக் கம்பி வழியே இயக்கிக் காட்டினார். கண்டு வியந்தவர்களுள் நார்பர்ட் வீனரும் ஜான் மாக்லியும் அடங்குவர்.

அப்பொறி 'நீ யார்?' என்று எவரையும் கேட்கவில்லை. பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கணிப்பொறிகள் 1960களில் பரவிய பின்னரே அக்கேள்வி எழுந்தது. பெயரும் கடவுச்சொல்லும் சரியாயிருந்தால்தான் அனுமதி. ஆனால் அவற்றைக் கேட்டுக்கொள்ள, எவரும் நுழையாத போதே உள்ளே ஒரு நிரல் விழித்திருக்க வேண்டுமல்லவா? பொறியோடு நேரே இணைந்த அச்சுப்பொறிகளுக்கு அத்தகைய காவல் இருந்தது. வேறொரு கணிப்பொறி வந்து கதவைத் தட்டினால்?

1969 அக்டோபர் 29 இரவு 10:30 மணி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர் விசைப்பலகை முன் அமர்ந்திருந்தார். மறுமுனையில், ஸ்டான்ஃபர்டு ஆய்வு நிறுவனத்தில் பில் டுவால். இருவரும் தொலைபேசியிலும் பேசிக்கொண்டனர். கிளைன் 'எல்' தட்டினார், வந்துவிட்டது. 'ஓ' தட்டினார்; அதுவும் வந்துவிட்டது. 'ஜி' தட்டியதும் மறுமுனைப் பொறி செயலிழந்தது!

காரணம் வேடிக்கையானது. மூன்றாம் எழுத்து வந்ததுமே 'லாகின்' என்னும் கட்டளையை அப்பொறி புரிந்துகொண்டது. எஞ்சிய எழுத்துகளைத் தானே நிரப்பி ஒரே மூச்சில் திருப்பி அனுப்ப முனைந்தது. ஒவ்வோர் எழுத்தாகவே செல்லும் என்றெண்ணி ஒதுக்கிய நினைவிடம் அதற்குப் போதவில்லை. புத்திசாலித்தனமே இடறிவிட்டது எனலாம். டுவால் அவ்விடத்தைப் பெரிதாக்கினார். சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் இணைப்பு வெற்றி பெற்றது.

இவ்வேலைக்கென டெல்நெட் என்னும் நெறிமுறை பின்னர் உருவாயிற்று. கணிப்பொறியில் 23ஆம் எண் வாயிலில் ஒரு நிரல் காத்திருக்கும். தட்டுபவரிடம் பெயர் கேட்கும். ஆனால் கடவுச்சொல் மறைப்பின்றிக் கம்பியில் சென்றது. இடையில் ஒற்றுக் கேட்போருக்குக் கொண்டாட்டம். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவ்வாறு கடவுச்சொற்கள் களவு போனதால், 1995இல் டாட்டு யுலோனன் மறையீட்டுடன் கூடிய எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார்.

தொலைவிலிருந்து திரையையே காட்டும் இன்றைய மென்பொருள்களுக்கும் அதே பழைய கேள்வி உண்டு. பயனர் நுழைந்த பின் தொடங்கும் சாதாரண நிரலாக அதை நிறுவினால், மின்தடைக்குப் பின் கணிப்பொறி மீண்டும் உயிர்பெற்றாலும் யாராவது நேரில் சென்று கடவுச்சொல் இடும்வரை அது உறங்கும். இயங்குதளத்தோடு சேர்ந்தெழும் 'சர்வீஸ்' ஆக நிறுவினால், நுழைவுத்திரை தோன்றும்போதே அது விழித்திருக்கும்.