முடவன் முழுக்கு

மாயூரம் என வழங்கிய மயிலாடுதுறையிலே, ஐப்பசித் திங்கள் முழுதும் அன்பர்கள் காவிரித் துலாக்கட்டத்தில் நீராடுவர். அத்திங்களின் இறுதி நாள் நீராட்டுக் கடைமுகம் எனப்படும். அதனோடு நீராட்டு முடிதல் வேண்டும், முடிவதில்லை. கார்த்திகை முதல் நாளும் ஒரு முழுக்கு உண்டு. அதன் பெயர் முடவன் முழுக்கு.

அதன் வரலாறு இந்நாட்டார் நன்கறிந்ததே. கால் வழங்காத அடியவர் ஒருவர் துலா நீராட விழைந்து புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி கழிந்தது. உளம் நைந்து இறைவனை வேண்டினார். மறுநாள் மூழ்கினும் துலா நீராட்டின் பயன் எய்தும் என்று இறைவன் அருளினான் என்ப. அடியவர் பிந்தினார் என்று வரம்பு இறுகி நிற்கவில்லை. அவர்பொருட்டு வரம்பே நெகிழ்ந்தது. அவ்வாறு நெகிழ்ந்த நாளில், நடக்க வல்லாரும் இன்றளவும் மூழ்கிப் பயன் கொள்கின்றனர்.

இக்கருத்து நம் சமய வரலாற்றில் வேறிடத்தும் காணப்படும். திருவாரூர்த் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். தூர்ந்த திருக்குளத்தை அகழத் துணிந்த அவர், குளத்துள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். நாயனார் பின்னர்க் கண்பெற்ற அற்புதத்தை நினைந்து உருகுகின்றோம். ஆயினும் அவர்தம் தொண்டு கண்பெற்றபின் தொடங்கியதன்று. கண்ணின்மை அதனைத் தடுக்கவும் இல்லை. மாற்றார் கருவியையும் கயிற்றையும் பறித்தபொழுதே அது தடைப்பட்டது.

இனி, கல்வெட்டுச் சான்றும் ஒன்று உண்டு. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்த் திருக்கோயிலில், திருப்பதியம் பாடக் கண்ணிலார் பதினறுவரும், அவர்க்குக் கண்காட்டுவார் இருவரும் அமர்த்தப்பெற்றதைச் சோழர் காலக் கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. முன்னோர் அவரை இரங்கத்தக்கார் என ஒதுக்கவில்லை, பணியில் அமர்த்தினர், அப்பணிக்கு வேண்டும் துணையையும் உடன் வைத்தனர்.

‘ஊனம் பிராரத்த வினையின் பயன், அதற்கு நாம் என் செய்வது?’ என்று வினவுவாரும் நம்முள் உளர். வினைக்கொள்கையை யாம் மறுக்கின்றிலேம். ஆயின், கால் தளர்ந்தமை ஒருவர்தம் பிராரத்தம் எனினும், அவர் ஏறமாட்டாத படியைக் கட்டியது அவர் வினையன்று, நம் கைவினை. அதனை அறிந்தும் வாளாவிருப்பின், அஃது நமக்கு ஆகாமியமாய் ஏறும் என அஞ்சுதல் வேண்டும்.

முன்னாளில் மடத்தில் எம்முடன் பாடங்கேட்ட அன்பர் ஒருவர், முதுமையில் ஊன்றுகோலோடு ஓர் ஊர்த் திருக்கோயிலுக்கு வந்தார். வாயிற்படி ஏற இயலவில்லை. உதவுவாரும் இல்லை. வெளியே நின்றே தேவாரம் ஓதி மீண்டார். உடன் சென்ற யாமும் உள்ளே போய்த் திருநீறு கொணர்ந்து கொடுத்தோமேயன்றி, வேறொன்றும் செய்திலேம். அந்நாணம் இன்னும் நீங்கவில்லை.

இக்காலத்தார் இவரை மாற்றுத்திறனாளிகள் என்பர். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கொண்டது. 2016-இல் இயற்றப்பெற்ற சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்தது. அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடமும் ஒதுக்கியது. பொதுவிடங்கள் யாவரும் புகத்தக்கனவாதல் வேண்டும் என்பதும் அதன் ஆணை. சட்டம் இன்று கேட்பதனை மயிலாடுதுறைக் காவிரிக்கரை பண்டே கண்டது.

ஆதலின் திருக்கோயில்தோறும் பழைய திருப்பணிக்கு ஊறு நேராவண்ணம் ஒரு சாய்வழியும், பற்றிச் செல்ல ஒரு கைப்பிடியும், கண்ணிலார் தடவி ஓதப் புள்ளியெழுத்துத் திருமுறையும், கண்காட்டுவார் ஒருவரும் அமைதல் வேண்டும். இவையும் சரியைத் தொண்டேயாம். அடியவர் ஒருவர்க்காக இறைவன் ஒரு நாளையே நீட்டினான். நாம் ஒரு படியைத் தாழ்த்தலாகாதா?

திருவருள் முன்னிற்க.