சிஏ 72-4 குருதிச் சோதனை

சிஏ 72-4 என்பது இரைப்பை, பெருங்குடல், சினைப்பை ஆகியவற்றில் தோன்றும் சில புற்றுக்கட்டிகள் குருதியில் கலக்கவிடும் டேக்-72 என்னும் சர்க்கரைப் புரதத்தின் அளவைக் காட்டும் சோதனையாகும். இவ்வகைப் பொருள்கள் புற்றுநோய்க் குறிப்பான்கள் எனப்படும். ஆய்வுக்கூட வழக்கில் ட்யூமர் மார்க்கர் என்பர். இப்புரதத்தைத் தேடிப் பற்றும் பி72.3, சிசி49 என்ற இரண்டு எதிர்ப்பொருள்களின் துணையால் அளவு கணிக்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 6.9 அலகு வரை இயல்பெனப் பல அறிக்கைகள் குறித்தாலும், கருவிக்குக் கருவி இவ்வரம்பு வேறுபடும்.

சென்னையில் இச்சோதனைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. மலக்குடல் புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம், 1982 முதல் நகரின் புற்றுநோயாளர் விவரங்களைப் பதிந்து வருகிறது. இந்திய நகரங்களுள் இரைப்பைப் புற்று மிகுந்தவற்றுள் சென்னையும் ஒன்று என்பதை அப்பதிவேடு காட்டிற்று. ஆயினும், மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் சேர்த்து நலமாக இருப்பவரிடம் செய்யத்தக்க சோதனை இதுவன்று. தொடக்கநிலைப் புற்றுள்ளோர் பலரிடம் சிஏ 72-4 அளவு உயர்வதேயில்லை. கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி, தீங்கற்ற சினைப்பைக் கட்டி முதலியவற்றிலோ புற்றின்றியே உயர்கிறது. கீல்வாதத்துக்குத் தரப்படும் கொல்கிசின் மாத்திரையும் எண்ணை ஏற்றிவிடக்கூடும் என்பதால், மருந்துச் சீட்டைப் பாராமல் அறிக்கையை மட்டும் படிப்பது வீண் அச்சத்துக்கே வழிவகுக்கும். நோயை உறுதிசெய்வது இரைப்பை உள்நோக்கியும் திசுச் சோதனையுமே.

சினைப்பைப் புற்றில் முதன்மையாகப் பார்க்கப்படுவது சிஏ 125 என்னும் குறிப்பான். மாதவிலக்கு, கர்ப்பம், கருப்பை உட்படலம் வேறிடத்தில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றில் அது எளிதில் தன் இயல்பு வரம்பான 35 அலகைத் தாண்டிவிட, சிஏ 72-4 அவ்வாறு பெரிதும் அலைவதில்லை. மேலும், சிஏ 125 அதிகம் உயராத சளிச்சுரப்பு வகைச் சினைப்பைக் கட்டிகளில் இது துணைநிற்பதால், மருத்துவர் சிலர் இரண்டையும் சேர்த்துக் கேட்கின்றனர். இரைப்பைப் புற்றில் சிஇஏ, சிஏ 19-9 ஆகிய பிற குறிப்பான்களும் உடன் பார்க்கப்படும். லூயிஸ் குருதிக்கூறு இல்லாத சிலரின் உடல் சிஏ 19-9ஐ உருவாக்குவதே இல்லை என்பதால், அவர்களிடம் அந்த எண் தாழ்ந்திருப்பதற்குப் பொருளில்லை.

இதன் உண்மையான பயன் சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பில்தான் உள்ளது. அறுவைக்கு முன் உயர்ந்திருந்த அளவு பின்னர் இறங்கி, சில மாதங்கள் கழித்து அடுத்தடுத்த சோதனைகளில் தொடர்ந்து ஏறுமானால், நோய் மீண்டிருக்கக்கூடும் எனக் கருதி ஸ்கேன் எடுக்கப்படும். முதற்சோதனையை மயிலாப்பூரிலும் அடுத்ததைத் தியாகராய நகரிலும் செய்துகொள்பவரின் இரு எண்களும் வேறு வேறு கருவிகளில் வந்தவையாயின், அவற்றை ஒப்பிடுவது பொருந்தாது. முடி கொட்டாமலிருக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளில் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதால், மிகுந்த அளவில் அதை உட்கொள்வோரிடம் கடைசி மாத்திரைக்குப் பின் எட்டு மணி நேரமேனும் கழித்தே குருதி எடுக்க வேண்டுமென அக்கருவிகளுக்கான குறிப்பேடு கூறுகிறது.